கம்பியில் கோத்த கடிதங்கள்

மாணவர்களே, கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தாத்தா பாட்டியின் வீட்டில் ஒரு பொருளைத் தேடிப் பாருங்கள். நடுக்கூடத்தின் சுவரிலோ கதவு நிலையின் ஆணியிலோ முழ நீளக் கம்பி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கலாம். அதன் மேல்முனை கொக்கியாக வளைந்து கூராக இருக்கும். கோத்தவை நழுவிவிடாமல் தாங்க அடியில் ஒரு மரவட்டு இருக்கும். வீட்டிற்கு வந்த கடிதங்களையெல்லாம் படித்து முடித்தபின் அந்தக் கம்பியில் குத்தித் தள்ளி வைப்பார்கள். பழைய கடிதம் அடியில் கிடக்கும். புதியது மேலே இருக்கும். மின்கட்டணச் சீட்டு, அஞ்சலட்டை, உரச்சீட்டு எல்லாம் அதே கம்பியில்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. ஆனால், எல்லாக் கடிதங்களும் கம்பிக்கு உடனே போய்விடவில்லை. விடை எழுத வேண்டிய கடிதத்தை என் பாட்டனார் நிலைக்கண்ணாடியின் பின்னால் செருகி வைப்பார். திருமண அழைப்பிதழ் நாட்காட்டியின் ஆணியில் தொங்கும். பணம் கட்டச் சொல்லி வந்த அறிவிப்பு, அவருடைய சட்டைப் பையிலேயே நான்கு நாள் சுற்றும். வேலை முடிந்த பிறகே அவை கம்பிக்கு வரும். முடிந்தவை ஓரிடம், முடியாதவை கண்ணில் படும் இடம், நாள் குறித்தவை நாட்காட்டியின் அருகில் என்னும் இந்த ஒழுங்கை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. வேலை செய்யும் போக்கிலேயே அது அமைந்துவிட்டது. இத்தகைய ஒழுங்கையே மென்பொருள் வடிவமைப்போர் ‘இயல்பான பணிப்போக்கு’ என்பர். இன்று உங்கள் தந்தையின் கைப்பேசியில் இருக்கும் மின்னஞ்சல் பெட்டியும் தொடர்பு ஏடும் அந்தக் கண்ணாடியையும் கம்பியையும் நாட்காட்டியையும் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கின்றன என்பதையே இப்பாடத்தில் காணப் போகிறோம்.

வலையத்தின் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு முதன்முதலாக அஞ்சல் சென்றது 1971ஆம் ஆண்டில். அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். இரண்டு கணிப்பொறிகளும் ஒரே அறையில் அருகருகே நின்றன. எனினும், அர்பாநெட் என்னும் வலையத்தின் வழியாகவே செய்தி பயணம் செய்தது. பெறுபவரின் பெயரையும் அவர் பயன்படுத்தும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. ஆட்பெயர்களில் வாராத ‘@’ என்னும் குறியை அவர் தேர்ந்தெடுத்தார். ஆங்கிலத்தில் அது இடத்தைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். தமிழாசிரியரின் பார்வையில் சொன்னால், ஏழாம் வேற்றுமையின் ‘இல்’ என்னும் உருபையே அவர் முகவரிக்குள் வைத்துவிட்டார்: இன்னார், இன்ன இடத்தில்.

அன்றைய மின்னஞ்சல் பெட்டி கம்பியைப் போன்றதே. வந்த வரிசையில் செய்திகள் அடுக்கப்பட்டன, அவ்வளவுதான். அலுவலக வழக்கங்கள் சில பின்னர் அதனுள் புகுந்தன. மின்னஞ்சலில் ‘சிசி’ என்றொரு கட்டத்தைக் கண்டிருப்பீர்கள். தட்டச்சுப் பொறியில் இரண்டு தாள்களுக்கு நடுவே கரிய கார்பன் தாளை வைத்து ஒரே நேரத்தில் படியெடுத்த காலத்தின் எச்சம் அது. கார்பன் தாளைத் தொட்டே பாராத தலைமுறையும் அச்சொல்லை நாள்தோறும் பயன்படுத்துகிறது.

இனி, மக்கள் இந்தப் பெட்டியை எப்படிப் பயன்படுத்தினர் என்பதைக் காண்போம். ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர் என்னும் இருவர் அலுவலகப் பணியாளர்களின் அஞ்சல் பெட்டிகளை ஆராய்ந்து, 1996ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மின்னஞ்சல் செய்தி அனுப்புவதற்காகவே உருவாக்கப்பட்டது. மக்களோ அதை வேறு இரண்டு செயல்களுக்கும் பயன்படுத்துவதை அவர்கள் கண்டனர். செய்ய வேண்டிய பணிகளை நினைவூட்டும் பட்டியலாகவும், பழைய ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டகமாகவும் அது மாறியிருந்தது. விடை எழுத வேண்டிய அஞ்சலை உட்பெட்டியிலேயே விட்டுவைத்தால் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா? என் பாட்டனாரின் நிலைக்கண்ணாடி உங்கள் நினைவுக்கு வரவேண்டும்.

அஞ்சல்களை அடுக்கும் முறையை வைத்து அவர்கள் மக்களை மூன்று வகையாகப் பிரித்தனர். எதையும் அடுக்காமல் உட்பெட்டியிலேயே குவித்து வைப்போர் ஒரு வகை. அன்றன்றே கோப்புறைகளில் பிரித்து வைப்போர் இன்னொரு வகை. மூன்றாம் வகையினர் சில மாதங்களுக்கு ஒருமுறை விழித்தெழுந்து மொத்தமாகத் துப்புரவு செய்வோர். தமிழில் இவர்களைப் ‘போகிக்காரர்’ என அழைக்கலாம் என்பது என் கருத்து. நானும் போகிக்காரனே, ஆண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தி முடித்த பிறகே என் அஞ்சல் பெட்டி மூச்சு விடும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. மூன்று வகை மனிதருக்கும் ஒரே மென்பொருளை எப்படி அமைப்பது? ‘எல்லோரும் ஒழுங்காகக் கோப்புறையில் அடுக்குங்கள்’ என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் மக்கள் அறிவுரைப்படி நடப்பதில்லை. மேலும், அடுக்கி வைப்பது எப்போதும் பயன் தருவதும் இல்லை. விட்டேக்கரும் அவருடைய குழுவினரும் 345 பேர் தம் பழைய அஞ்சல்களைத் தேடி எடுத்த முறையைக் கணக்கிட்டு 2011இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். உழைத்துக் கோப்புறை அமைத்தவர்கள் பிறரைவிடச் சிறப்பாகத் தேடி எடுக்கவில்லை என்று அது காட்டியது. தேடற்சொல்லைத் தட்டச்சு செய்தவர்கள் விரைவாகவே கண்டெடுத்தனர்.

மனிதரின் போக்கைக் கண்டு கருவியை அமைக்கும் முறைக்கு அதற்கு முன்பே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அது மின்னஞ்சல் பற்றியது அன்று. ஆயினும் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. 1970களின் நடுப்பகுதியில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர் எழுத்துப் பணிக்கான மென்பொருள் ஒன்றை உருவாக்கினர். பாடநூல் பதிப்பகம் ஒன்றின் பதிப்பாசிரியர்களுக்காகச் செய்த பணி அது. அங்கே முன்பிருந்த மென்பொருளில் ஓர் இடர் இருந்தது. ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும், மற்றொரு நிலையில் கட்டளையாகவும் இயங்கியது. தவறான நிலையில் இருந்துகொண்டு ‘எடிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்தால் என்ன நிகழும்? முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாம் எழுத்து அதை அழிக்கும். மூன்றாம் எழுத்து ‘இங்கே நுழை’ என்று ஆணையிடும். நான்காம் எழுத்து நுழைந்து நிற்கும். எழுதியவருக்கு எஞ்சுவது ஓர் ஒற்றை எழுத்து!

டெஸ்லரும் மாட்டும் பதிப்பாசிரியர்கள் வேலை செய்வதை அருகிலிருந்து கவனித்தனர். அவர்கள் கத்தரிக்கோலால் தாளை வெட்டி, வேறிடத்தில் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தனர். மாட் ஒரு பதிப்பாசிரியரை வெறுந்திரையின் முன் அமர்த்தி, ‘இங்கே உங்கள் பக்கம் இருப்பதாக எண்ணிக்கொண்டு திருத்துங்கள், என்ன செய்வீர்கள் என்று சொல்லிக்கொண்டே வாருங்கள்’ என்னும் பொருள்படக் கேட்டார். மென்பொருள் பிறக்கும் முன்பே அதைப் பயன்படுத்தும் முறை பிறந்துவிட்டது. இன்று நீங்கள் கட்டுரை எழுதும்போது அழுத்துகின்ற ‘வெட்டு’, ‘ஒட்டு’ என்னும் கட்டளைகளில் அந்தக் கத்தரிக்கோலும் பசையும் இன்னும் இருக்கின்றன.

மின்னஞ்சலுக்குத் திரும்புவோம். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. அதைத் தொடங்கி உருவாக்கியவர் பால் புக்கைட் என்னும் பொறியாளர். ஒவ்வொருவருக்கும் ஒரு கிகாபைட் இடம் தரப்படும் என்றனர். முட்டாள்கள் நாளின் நகைச்சுவை இது எனப் பலர் நினைத்தனர். ஏனெனில், அப்போது பிற நிறுவனங்கள் கட்டணமின்றித் தந்த இடம் இரண்டு அல்லது நான்கு மெகாபைட்தான். இடம் குறைவாக இருந்தபோது மக்கள் அஞ்சலை அழித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது; எதை வைப்பது, எதை அழிப்பது என்று நாள்தோறும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை ஜிமெயில் நீக்கியது. அழிக்க வேண்டாம், காப்பகத்திற்கு அனுப்புங்கள், வேண்டும்போது தேடிக்கொள்ளுங்கள் என்றது. கடிதமும் அதன் விடைகளும் ஒரே உரையாடலாகத் திரண்டு நின்றன. கோப்புறைக்கு மாற்றாகச் சிட்டைகள் வந்தன. தாளை ஒரே ஒரு கம்பியில்தான் குத்த முடியும். மாமாவின் கடிதம் ‘உறவினர்’, ‘பயணச்சீட்டு’ என்னும் இரண்டு சிட்டைகளையும் ஒருசேரத் தாங்க முடியும். தாளுக்கு இயலாத ஒன்றைக் கணிப்பொறிக்குத் தந்ததே அதன் சிறப்பு. பழைய பழக்கத்தை அப்படியே படியெடுப்பது மட்டும் நல்ல வடிவமைப்பு ஆகிவிடாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மனிதர் தவறுவதும் அவருடைய பணிப்போக்கின் ஒரு பகுதியே. அஞ்சலை அனுப்பிய மறுநொடியே ‘ஐயோ’ என்று நாக்கைக் கடித்துக்கொள்ளாதவர் எவர்? 2009இல் ஜிமெயில், ‘அனுப்பியதைத் திரும்பப் பெறு’ என்னும் வசதியைச் சோதனை முறையில் தந்தது. 2015இல் அது எல்லோருக்கும் உரிய அமைப்பாயிற்று. பறந்துவிட்ட அஞ்சலை அது துரத்திப் பிடிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நாம் ‘அனுப்பு’ என்று அழுத்தியபின் மென்பொருள் சில நொடிகள் வாளா இருக்கிறது, அவ்வளவே. இன்று ஐந்து நொடி முதல் முப்பது நொடி வரை நாமே அந்தக் காலத்தை வரையறுக்கலாம். ‘இணைத்துள்ளேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் அனுப்ப முயன்றால் அது நம்மைத் தடுத்துக் கேட்கிறது. இவ்விரண்டையும் வடிவமைத்தவர்கள் மனிதரை நன்கு அறிந்தவர்கள்.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றுவிடவில்லை. லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய மிட்ச் கேபோர், ‘சாண்ட்லர்’ என்னும் திட்டத்தை 2002இல் உலகிற்கு அறிவித்தார். அஞ்சல் ஓரிடம், நாட்காட்டி ஓரிடம், பணிப்பட்டியல் ஓரிடம் என்று பிரித்து வைப்பது மனித இயல்புக்கு ஒவ்வாதது என்பது அவருடைய துணிபு. அத்தையிடமிருந்து ஓர் அஞ்சல் வருகிறது என்று கொள்வோம். ‘15ஆம் தேதி வருகிறேன், நிலையத்திற்கு வா’ என்று அதில் இருக்கிறது. அது அஞ்சலா, நாட்குறிப்பா, செய்ய வேண்டிய பணியா? மூன்றும்தான். சாண்ட்லரில் அந்த ஒரே செய்தியின்மேல் நாட்காட்டி முத்திரையையும் பணி முத்திரையையும் குத்திவிடலாம்; படியெடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டியதில்லை. அழகான எண்ணம்! ஆனால், செயலில் கொண்டுவருவது மிகக் கடினமாயிற்று. ஆண்டுகள் நீண்டன, வடிவம் மாறி மாறி வந்தது. 2008இன் தொடக்கத்தில் கேபோர் விலகினார். அவ்வாண்டு ஆகஸ்டில் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. பரவலாக எவரும் அதைப் பயன்படுத்தவில்லை. மக்களின் போக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களும் அதை முழுவதுமாக ஒரே கருவியில் அடக்க முயன்றால் திணறுவர் என்பதற்கு இத்திட்டம் சான்று. இதன் வரலாற்றை ஸ்காட் ரோசன்பர்க் 2007இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்.

இப்போது, நமக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். அதுதான் தொடர்பு ஏடு.

உங்கள் தாயாரின் கைப்பேசியை வாங்கி, தொடர்புகளின் பட்டியலைப் பாருங்கள். ‘திருச்சி சித்தி’, ‘பெரியப்பா புது எண்’, ‘கேஸ்’, ‘பால்காரர்’, ‘மாடி வீட்டு ஆன்ட்டி’, ‘தமிழ் சார்’ என்றெல்லாம் இருக்கும். மென்பொருள் கேட்டதோ முதற்பெயரும் கடைப்பெயரும். நம்மவர் அதை ஒதுக்கிவிட்டு உறவையும் ஊரையும் தொழிலையும் எழுதி வைத்துள்ளனர். சித்தியைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அழைக்காத பெயரால் தேடவும் மனம் வாராது. சித்தி இருவர் என்றால் ஊர் பிரித்துக் காட்டுகிறது. இது ஒழுங்கின்மை அன்று, வேறோர் ஒழுங்கு.

முதற்பெயர், கடைப்பெயர் என்னும் பிரிவினை தமிழர்க்குத் தந்த துன்பம் சிறிதன்று. நம் பெயர் பெரும்பாலும் ஒன்றே. முன்னே நிற்கும் தலைப்பெழுத்து தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ குறிக்கும். குடும்பப் பெயர் என ஒன்று பலருக்கு இல்லை. நான் முன்பு பணியாற்றிய ஒரு நகரில், ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தமிழ் மாணவனின் பெயர் படிவத்தின் கட்டங்களுக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டுவிட்டது. முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியர் அழைத்தது அவனுடைய தந்தையின் பெயரை. அவன் எழவில்லை, அது தன் பெயர் அன்றே! மூன்று நாள் அவன் வாராதவனாகவே குறிக்கப்பட்டான். நான்காம் நாள் உண்மை தெரிந்தபோது வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்தப் பதிவைத் திருத்த அவனுடைய தந்தை இரண்டு நாள் கூலியை இழந்தார். படிவத்தை அமைத்தவருக்குத் தீய எண்ணம் ஏதும் இருந்திருக்காது. தம் ஊர் வழக்கமே உலக வழக்கம் என்று எண்ணிக்கொண்டார். அவ்வளவே அவர் செய்த பிழை.

இத்தகைய குழப்பம் கடல் கடந்தும் தொடர்கிறது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு அமெரிக்க நுழைவிசைவு வழங்கும்போது, அவருடைய பெயரைக் கடைப்பெயர்க் கட்டத்தில் இட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சிடுவர். ‘முதற்பெயர் தெரியாது’ என்பது அதன் பொருள். பெயரைச் சுமந்து நிற்பவர் நேரில் நிற்க, அவருடைய பெயர் தெரியாது என்கிறது ஆவணம்!

தொடர்பு விவரங்களை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு ‘விகார்டு’ என்னும் பொது வடிவம் பயன்படுகிறது. 1998இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு, குடும்பப் பெயர் முதலிய பகுதிகளாகப் பிரித்த பெயரையும் முழுப்பெயரையும் கட்டாயமாகக் கேட்டது. 2011இல் வந்த நான்காம் பதிப்பில் முழுப்பெயர் மட்டுமே கட்டாயம். பிரித்து எழுதுவது விரும்பினால் மட்டுமே. வலைத்தளத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், பெயரைப் பிரித்துக் கேட்பது உண்மையில் தேவைதானா என்று முதலில் எண்ணிப் பார்க்குமாறு படிவம் அமைப்போர்க்குக் கூறுகிறது. ஒரே கட்டம், ‘உங்கள் பெயர்’ என்று ஒரே கேள்வி. கயல்விழி என்றால் கயல்விழி என்றும், க. கயல்விழி என்றால் அப்படியே என்றும் அதில் எழுதிவிடலாம். தரம் மாறிவிட்டது, ஆனால், பல அலுவலகங்களின் படிவங்கள் இன்னும் மாறவில்லை. படிவத்தை நிரப்பும்போது பெற்றோருடன் அமர்ந்து, உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் எப்படி எழுதப்படுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.

செய்து பாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவர் கைப்பேசியில் ஓர் உறவினரின் எண்ணையோ பழைய செய்தியையோ தேடும்போது அருகில் அமர்ந்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் எதுவும் சொல்லக் கூடாது; ‘அங்கே அழுத்துங்கள் பாட்டி’ என்று உதவவும் கூடாது. இது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் கடுமை தெரியும். அவர் முதலில் எங்கே தொட்டார், எந்தச் சொல்லைத் தேடினார், எவ்விடத்தில் தயங்கினார், எப்போது சலித்துக்கொண்டு உங்களை அழைத்தார் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு, அவருக்கென ஒரு தொடர்பு ஏட்டின் முதற்பக்கத்தைத் தாளில் வரையுங்கள். அதில் எந்தப் பெயர் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

சிந்தித்து எழுதுக

நிலைக்கண்ணாடியின் பின்னால் செருகிய கடிதத்திற்கும் உட்பெட்டியில் விட்டுவைத்த மின்னஞ்சலுக்கும் உள்ள ஒப்புமை யாது?

கோப்புறைக்கும் சிட்டைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டுப் பொருள்களைக்கொண்டு விளக்குக.

சாண்ட்லர் திட்டத்தின் எண்ணம் சரியானதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உங்கள் வகுப்பில் பல மாநிலத்தவர் உள்ளனர். அவர்களுள் மூவரிடம் அவர்களுடைய பெயர் அமைந்த முறையைக் கேட்டறிந்து, அம்மூவருக்கும் உங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும் பெயர்ப் படிவம் ஒன்றை அமைத்துக் காட்டுக.